வலி போன பிறகும்

உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. அப்பா பட்டறையில் இருந்தார். நானே பிரித்து, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கு இடது தோளும் பிடித்துக்கொண்டது என்று அப்பா எழுதியதைப் பார்த்து உனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த மாதம் சேர வேண்டிய கிராம நர்ஸ் பயிற்சிக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வருகிறேன் என்கிறாய். 'பயிற்சி எங்கே ஓடிப்போகப்போகிறது' என்று ஒரு வரி வேறு. அது ஓடிப்போகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வயசு வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது என்று போன தீபாவளிக்கு வந்தபோது நீதான் சொன்னாய். உன் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்க எத்தனை மாதம் ஆயிற்று, மாமியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் திறந்து சொன்ன அன்றைக்கு எப்படி இருந்தது, எல்லாவற்றையும் அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னவள் நீ. அதையெல்லாம் ஒரே வரியில் அழித்துவிட்டு வருகிறாய், என் கைக்காக.

வராதே. ஆனால் வராதே என்று மட்டும் எழுதினால் நீ கேட்க மாட்டாய். அம்மா தன் கஷ்டத்தை மறைக்கிறாள் என்று நினைத்து அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிடுவாய். நான் மறைத்தது கஷ்டத்தை அல்ல. அது என்ன என்று சொன்னால்தான் நீ அங்கேயே இருப்பாய். சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்காரரும் படிக்கட்டும். உன் மகள் பெரியவளாகிப் படித்தாலும் சரி, எனக்கு ஆட்சேபம் இல்லை.

நீ ஒன்பதாவது படிக்கும்போது எனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. உடம்பு இளைத்து, தாகம் தாகம் என்று செம்புத் தண்ணீரோடு அலைந்தபோது நீதான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். அப்புறம் வீட்டிலேயே பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீரை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது, செங்கல் நிறத்துக்குப் போனால் மோசம். அந்த வேலையை என்னைத் தொட விடாமல் நீயே செய்தாய். பெற்ற பிள்ளை இதையெல்லாம் கையால் எடுக்கிறதே என்று நான் கூசிப்போவேன். நீயோ குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இன்னைக்குப் பச்சைதான்மா, பரவாயில்ல" என்று சொல்லிப் பழைய நோட்டில் எழுதி வைப்பாய். நர்ஸ் ஆக வேண்டும் என்ற எண்ணம் உனக்கு அந்தக் குழாயைப் பார்த்துப் பார்த்துத்தான் வந்தது என்று நினைக்கிறேன். நீ அப்படிச் சொன்னதில்லை. ஆனால் உன் முகம் எனக்குத் தெரியும்.

நீ பதினொன்றாவதுக்கு வந்த வருஷம், புரட்டாசியில், வலது தோளில் வலி ஆரம்பித்தது. குடம் தூக்கியதில் சுளுக்கியிருக்கும் என்று தைலம் தேய்த்தேன். ஐப்பசியில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. தையில் கை வயிற்று உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. பின்பக்கம் முதுகுக்குப் போகவே போகாது. யாரோ தோளுக்குள்ளே கதவைச் சாத்திப் பூட்டிவிட்டதுபோல. வலிக்கிறது என்பதற்காக நிறுத்துவது வேறு. இது வலியையும் தாங்கிக்கொண்டு தூக்கினாலும் தூக்க முடியாத கை. ஆஸ்பத்திரியில் அந்த வயசான டாக்டர் என் முழங்கையைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுகர் இருக்கிறவங்களுக்கு இது ரொம்பப் பேருக்கு வரும்மா. தோள் மூட்டுக்குள்ள சவ்வு இறுகிப்போயிரும். ஒண்ணரை வருஷம், ரெண்டு வருஷம் ஆகும். அப்புறம் தானா விடும். ஆனா அதுவரைக்கும் கையைச் சும்மா தொங்கப் போட்டுடாதீங்க. சுகரையும் கட்டுப்பாட்டுல வைங்க." உன்னைப் பார்த்து, "நீதான் பொண்ணா? சுவத்துல விரலை வச்சு நண்டு நடக்கிற மாதிரி மேலே ஏத்தச் சொல்லு. தினம் ரெண்டு வேளை" என்றார். நீ வீட்டுக்கு வந்ததும் அடுப்புக் கரியால் சுவரில் கோடு போட்டாய். முதல் கோடு என் மார்பு உயரத்துக்குக்கூட வரவில்லை.

அந்தக் கையோடு வாழ்வது என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் உன் கை வழியாகத்தான் நடந்தது. ரவிக்கை போடும்போது முதலில் வலிக்கிற கையை நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவள் நீ. ஆட்டுரலில் மாவு ஆட்டியது நீ. தெருக்குழாயில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்ததும், கொடியில் துணி காயப்போட்டதும் நீ. சோற்றுப் பானையைக்கூட இறக்க முடியாமல் நின்ற எனக்குக் கோதுமைக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் பரீட்சைக்குப் போவாய். இதற்கு நடுவில் நல்ல மார்க்கும் வாங்கினாய். தஞ்சாவூரில் நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டாய்.

வைகாசியில் கொட்டாம்பட்டிக்குத் திருவிழாவுக்குப் போனோமே, அங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். உன் மாமா பேச்சைக் கேட்டு, எலும்பு கட்டுகிற ஒருவரிடம் கையைக் கொடுத்தேன். டாக்டர் சொன்னதை நீ எடுத்துச் சொன்னாய். "சும்மா இருத்தா, இவரு எம்புட்டுப் பேருக்குச் சரி பண்ணியிருக்காரு" என்று உன்னை அடக்கினேன். அவர் கையை முறுக்கித் தூக்கியபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அது போதாது என்று உப்பை வறுத்து முடிச்சுக் கட்டிச் சூடாகத் தோளில் வைத்தார்கள். சூடு அவ்வளவாக உறைக்கவில்லை, நல்லதுதான் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அது உடைந்து புண்ணாகி, சர்க்கரை உடம்பில் ஆறாமல், சீழ் வைத்து, காய்ச்சலும் வந்தது. காலில் வந்த புண்ணிலேயே செத்துப்போன என் அய்யாவை நினைத்து நான் படுத்துக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் திட்டினார். நீ அவரிடம், "இனிமே நான் பாத்துக்கிறேன் சார்" என்றாய். அப்போது உனக்குப் பதினேழு வயசு.

தஞ்சாவூரிலிருந்து உன்னை வரச் சொல்லிக் கார்டு வந்தபோது என் தோளில் கட்டு இருந்தது. அப்பா கார்டைப் படித்தார். உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீ அடுப்பிலிருந்து திரும்பாமலே, "அடுத்த வருசம் போட்டுக்கலாம்ப்பா" என்றாய். அவ்வளவுதான் பேச்சு. அந்த வருஷம் நீ போகாததற்கு நான் பொறுப்பு என்றாலும் குற்றம் என்று சொல்ல மாட்டேன். என் உடம்பு நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வருஷத்தைப் பற்றி.

அதற்கு முன்னால் இன்னொன்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் உனக்குப் புரியாது. எனக்கு நாலு வயசில் அம்மா போய்விட்டாள். சித்தி வந்தாள். கொடுமைக்காரி இல்லை, ஆனால் அவளுக்கு அவள் பிள்ளைகள். பதினாறில் கல்யாணம், பிறகு இந்த வீடு. உனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து என் தலையை யாரும் வாரிவிட்டதில்லை. தோள் பிடித்துக்கொண்ட பிறகு தினமும் காலையில் அப்பா பட்டறைக்குப் போனதும் நீ என்னை முற்றத்தில் உட்கார வைத்து, பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, எண்ணெய் தொட்டுச் சிக்கெடுத்து வாரிப் பின்னுவாய். அந்த அரை மணி நேரம் நீ பேசிக்கொண்டே இருப்பாய். கூடப் படித்தவளின் கல்யாணம், ரேஷன் கடையில் நடந்த சண்டை, நர்ஸம்மா ஒருத்தி ஊசி போட்ட விதம். நேருக்கு நேர் என்னிடம் சொல்லாததையெல்லாம் என் பின்னந்தலையிடம் சொன்னாய். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். தோள் வலித்துக்கொண்டுதான் இருக்கும். இருந்தாலும் என் வாழ்க்கையிலேயே நான் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான்.

மறு வருஷம் தை மாதம், பொங்கல் கழிந்து ஒரு வாரம் இருக்கும். நீ மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்தாய். கொடியில் கிடந்த உன் பாவாடை காற்றில் நழுவிச் சாக்கடைப் பக்கம் விழப் பார்த்தது. எட்டிப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் கவனித்தேன், பிடித்தது வலது கை. அது என் தலைக்கு மேலே இருந்தது. மெல்ல இறக்கிவிட்டு மறுபடியும் தூக்கினேன். கொஞ்சம் இழுத்துப் பிடித்தது, அவ்வளவுதான். மார்கழியிலேயே வலி குறைந்துகொண்டு வந்தது உனக்கும் தெரியும். ஆனால் கை இவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியவில்லை. ஓடிப்போய் எதிர் வீட்டுச் சரசுவைக் கூப்பிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் நீ வந்துவிட்டாய். டின்னை வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உக்காரும்மா, நேரமாயிருச்சு, தலைய வாரிவிடுறேன்" என்றாய். உட்கார்ந்தேன். வாரி முடித்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். வாரி முடித்ததும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது, தாயி. திட்டம் போட்டு உன்னை ஏமாற்றவில்லை என்று சொல்லத்தான் ஆசை. முதல் நாள் அது நிஜம். பத்தாவது நாள் நிஜமில்லை. நீ சுவர்ப்பக்கம் நிற்க வைத்து விரலை ஏற்றச் சொன்னால், பழைய கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே போய் நின்று முகத்தைச் சுளிப்பேன். "இம்புட்டுதான்த்தா வருது" என்பேன். நீ இல்லாத நேரத்தில் அதே சுவரில் கை முழுசாக நீளும்வரைக்கும் ஏற்றிப் பார்ப்பேன். அப்படி ஏற்றிப் பார்த்தது சந்தோஷத்துக்கா, பயத்துக்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வைகாசியில் நீ மறுபடியும் மனுத்தாள் வாங்கி வந்தாய். பூர்த்தி செய்து, கையெழுத்துப் போடாமல் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாய். "அம்மா, இந்த வருசம் போடட்டாம்மா? நீ முடியும்னு சொன்னா மட்டும்தான்" என்றாய். போடாதே என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தாலாவது நீ என்னோடு சண்டை போட்டிருப்பாய், அப்பா உன் பக்கம் நின்றிருப்பார். நான் சொன்னது, "போடுத்தா, எனக்கென்ன, நான் எப்படியாச்சும் பாத்துக்கிறேன்." சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுக்க வலது கையை நீட்டினேன். பாதியில், "ஆ" என்று நிறுத்தி, இடது கையால் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு செம்பை எடுத்து என் கையில் கொடுத்தாய். அந்தத் தாளை நாலாக மடித்து உன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்தாய். என் மேல் ஒரு கோபம், ஒரு சலிப்பு? ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் எனக்குப் பிடிக்கும் என்று கம்பங்கூழ் காய்ச்சினாய்.

மனுப் போடக் கடைசித் தேதி கடந்து ஒரு வாரம் கழித்து அப்பாவுக்குத் தெரிந்துபோயிற்று. பட்டறையில் கரண்ட் நின்றுவிட்டதால் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். நீ தண்ணீர்க் குழாயடியில் இருந்தாய். நான் பரணிலிருந்து மிளகாய் டப்பாவை வலது கையால் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவர் நிலைவாசலில் நின்றார். நான் கையை இறக்கக்கூட மறந்துபோனேன்.

"எம்புட்டு நாளா?" என்றார்.

"தையில இருந்து."

"புள்ளைக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் கை காலைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். சாப்பாடு வைத்தேன். தொடவில்லை. வெகுநேரம் கழித்து, "இப்பச் சொன்னா அவ தாங்குவாளா?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, தன்னைத்தானே கேட்டுக்கொண்டாரா தெரியாது. நீ குடத்தோடு உள்ளே வந்தாய். நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம். அதற்குப் பிறகு பல நாள் அவர் என்னோடு பேசவில்லை. யானைக்கல்லில் டைப்ரைட்டிங் வகுப்பில் உன்னைச் சேர்த்துவிட்டது அப்போதுதான். திடீரென்று அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று நீ கேட்டாய். உன்னைத் தினம் இரண்டு மணி நேரமாவது இந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்ப அவருக்கு அதுதான் வழி தெரிந்தது.

ஆடியில் நான் குணமாக ஆரம்பித்தேன். அதாவது குணமானதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்ட ஆரம்பித்தேன். ஒவ்வொரு வாரமும் ஒரு கோடு மேலே. ஆவணியில் ஒரு நாள் உன் கண் முன்னால் கையைத் தலைக்கு மேலே தூக்கினேன். நீ என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? "அப்பா, அப்பா!" என்று கத்தினாய். வாசலுக்கு ஓடி, "சரசு அக்கா, எங்கம்மா கையத் தூக்கிட்டாக!" என்று தெருவையே கூட்டினாய். தெருவில் ஓடுகிற தறிச் சத்தத்தையும் மீறி உன் குரல் கேட்டது. பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். தெரு முனை மாரியம்மனுக்கு மாவிளக்குப் போடுவதாக வேண்டியிருந்தாயாம், அது வரைக்கும் எனக்குத் தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை நீயே மாவு இடித்து, வெல்லம் சேர்த்து, விளக்கேற்றிச் சன்னதியில் விழுந்து கும்பிட்டாய். ஏழு மாதத்துக்கு முன்னாலேயே கிடைத்துவிட்ட குணத்துக்கு நீ நன்றி சொல்லிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் நின்றேன். எனக்குக் கும்பிடக் கை வரவில்லை. அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் வலி இருக்கிறது என்று நீ பூசாரியிடம் சொன்னாய்.

மூன்றாவது வருஷம் நீ மனுப் போடவில்லை. நான் போடச் சொன்னேன், அதுவும் நிஜம். "இல்லம்மா, அந்த நெனப்பு போயிருச்சு" என்று சிரித்தாய். மனுஷருக்கு ஆசை ஒரு தடவை வரும், இரண்டு தடவை வரும். அப்புறம் தானே அலுத்துப்போய் உட்கார்ந்துவிடும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. பிறகு கல்யாணம், உடுமலைப்பேட்டை, பிள்ளை. நல்ல இடம்தான், நல்ல மாப்பிள்ளைதான். அதனால் என் தப்பு இல்லாமல் போகாது. எல்லாம் நல்லதாகத்தானே முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். போன தீபாவளிக்கு நீ பயிற்சியைப் பற்றிச் சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேனே, பள்ளிக்கூடம் போகிற வயசில் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்த அதே முகம். அன்றைக்கே அந்தச் சமாதானம் செத்துப்போயிற்று.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். உன் கை என் தலையில் இருந்த சுகத்துக்காக என்பது பாதி. நீ போய்விட்டால் இந்த வீட்டில் சர்க்கரை வியாதியோடு நான் மட்டும் பகலெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டுமே என்ற பயம் கால் பங்கு. மிச்சம் இருப்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதுகிறேன். என்னை யாரும் எங்கும் அனுப்பவில்லை. எட்டாவதோடு நிறுத்தி அடுப்படிக்கு அனுப்பினார்கள். நீ மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறாயே என்று உள்ளே எங்கேயோ ஒரு எரிச்சல் எனக்கு இருந்தது. பெற்ற மகள் மேலேயே அப்படி வருமா என்றால், வரும். உன் மகள் பெரியவளாகும்போது உனக்கும் வரலாம். வந்தால் அதை அடையாளம் தெரிந்துகொள். பாசம் என்று பெயர் வைத்து ஏமாந்துவிடாதே.

இப்போது இடது தோளைப் பற்றி. ஒரு பக்கம் வந்தவர்களுக்கு மறு பக்கமும் வரலாம் என்று அப்போதே டாக்டர் சொன்னார், வந்திருக்கிறது. கார்த்திகையில் ஆரம்பித்தது. இன்றைக்குத் தோள் உயரத்துக்குத்தான் போகிறது, பின்னால் இடுப்பு வரைக்கும்தான். படுக்கும்போது கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொள்கிறேன். இதைக் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. இனிமேல் என் கை எந்த அளவுக்குப் போகிறதோ அதை அப்படியே எழுதுவேன். வலது கை நன்றாக இருக்கிறது. இன்சுலின் ஊசியை நானே கொதிக்க வைத்து, நானே தொடையில் போட்டுக்கொள்கிறேன். மாவு ஆட்டச் சரசு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருக்கிறாள். ரவிக்கைக் கையை இழுத்துவிட அப்பா இருக்கிறார். முதல் நாள் அவர் திரும்பி நின்றுகொண்டு இழுத்தார், நான் வலியிலும் சிரித்துவிட்டேன். ஒற்றைக் கையால் பின்ன முடியவில்லை என்பதால் போன வாரம் தலைமுடியைச் சரசுவிடம் கொடுத்துத் தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டேன். தெருவில் கேட்பவர்களிடம் நான் கோயிலுக்குப் பூமுடி கொடுத்ததாகச் சரசு சொல்லிவிடுகிறாள். நான் மட்டும், கை வரவில்லை, அதனால் வெட்டினேன் என்று சொல்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அப்பா வந்ததும் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீ எழுதுறியா, நான் எழுதவா?"

"என்னன்னு எழுதுவீக?"

"பத்து வருசத்துக்கு முன்னாடி எழுதியிருக்க வேண்டியத."

அவர் தானாகவே சொன்னார்: "உன்னைய மட்டும் சொல்லிக்கிட்டு நான் ஒதுங்கிக்கிற முடியாது. பாத்துட்டு வாய மூடிக்கிட்டுத்தானே இருந்தேன். என்னையும் சேத்தே எழுது." சேர்த்து எழுதிவிட்டேன். இன்றைக்குக் காலையில் ஆரம்பித்தது. நடுவில் தலை சுற்றியதால் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன். இப்போது வெயில் சாய்ந்துவிட்டது.

உனக்கு நான் புத்தி சொல்ல யோக்கியதை இல்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நம் வம்சத்தில் சர்க்கரை இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துக்கொள். தோளோ காலோ வலித்தால் சுளுக்கு என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதே. நாளைக்கு நீ கிராமத்தில் வீடு வீடாகப் போகும்போது, வறுத்த உப்பை மூட்டை கட்டிக்கொண்டு யாராவது ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பாள். அவளைத் திட்டாமல் சொல்லிக் கொடு. அவள் பக்கத்தில் ஒரு மகள் நின்றுகொண்டிருந்தால், அந்தப் பெண்ணிடம் தனியாக ஒரு வார்த்தை பேசு. அவள் என்ன படிக்கிறாள் என்று கேள். வலிக்கிறது என்று சொல்ல எல்லோருக்கும் வரும். வலி போய்விட்டது, நீ போகலாம் என்று சொல்வதற்குத்தான் மனசு வேண்டும். எனக்கு அது இல்லாமல் போயிற்று.

மன்னித்துவிட்டேன் என்று உடனே எழுதாதே. நீ அப்படித்தான் எழுதுவாய், செம்பை எடுத்துக் கையில் கொடுத்த மாதிரி. எனக்கு அது வேண்டாம். கோபம் வந்தால் வரட்டும், ஒரு வருஷம் பேசாமல் இருந்தாலும் நியாயம்தான். நீ மறுபடியும் என்னைப் பார்க்க வரும்போது லீவில் வந்த நர்ஸாக வா, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ.

இனி உன்னிடமிருந்து வரும் கடிதத்தில் முதலில் தபால் முத்திரையைத்தான் பார்ப்பேன். உடுமலைப்பேட்டை முத்திரை இருந்தால் பிரிக்க மாட்டேன், அப்பாவையும் பிரிக்க விட மாட்டேன். பயிற்சிப் பள்ளி இருக்கிற ஊரின் முத்திரையோடு வந்தால், அதில் நீ என்ன எழுதியிருந்தாலும், எவ்வளவு திட்டியிருந்தாலும், உட்கார்ந்து முழுசாகப் படிப்பேன்.

உன் அம்மா